நாலரை வரைக்கும்

சுகிர்தாவின் பார்மசி நாலரைக்குத்தான் அவளை விடும்.
அதுவரை ரவுணைச் சுற்று என்று
பஸ்ஸிலிருந்து இறங்கமுதலே அனுப்பிவிட்டாள்:
பெரிய கடை. மணிக்கூட்டுக் கோபுரம். நூலகம்.
கோட்டைக்கு மட்டும் தனியே போகாதே,
வெயில் தாழ நானும் வாறன்.
ஓட்டோவில் ஏறினால்
கேட்கிற காசைக் கேட்டவுடனே குடுக்காதே.

பஸ் நிலையத்தில் ஒருவர்
காரைநகர் காரைநகர் என்று என் பையைப் பிடித்தார்.
நான் இங்கேதான் அண்ணே, ஊர் பார்க்க.
இங்கேயோ? இங்கே என்ன கிடக்கு என்றார்
உண்மையாகவே யோசித்து.

கஸ்தூரியார் வீதியின் நகைக்கடைக் கண்ணாடிகளில்
பத்துத் தரம் என்னைப் பார்த்தேன்.
பத்திலும் கழுத்து வெறுமை,
பத்திலும் தலை கலைந்திருந்தது.
உள்ளே ஒரு கலியாண வீட்டார்
கொடியின் நிறையைப் பற்றி
மெல்லிய குரலில் சண்டை பிடித்தார்கள்.

சந்தையில் புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான்,
வாயில் கடதாசி அடைத்த நல்லெண்ணெய்ப் போத்தல்.
முகர்ந்தேன், விலை கேட்டேன்,
மறுகா வாறன் என்றேன்.
கடைக்காரி சிரித்தாள். மட்டக்களப்போ?
ஓம்.
மறுகா எண்டால் எப்ப?
அதுக்குப் பிறகு.
எதுக்குப் பிறகு பிள்ளை?
இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவரும் சொல்.
அதற்குப் பதில் தெரியாமல்
இரண்டு குட்டான் வாங்கினேன்.

அந்த முடுக்கிலேதான்
இடதுகால் செருப்பின் வார் அறுந்தது.

காலை இழுத்து இழுத்து
மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்தபோது
அதன் நிழலில் மூன்று பேர்
கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
நான் ஒருத்திதான் அண்ணாந்தேன்.
ஒன்று இருபது.

நூலகத்தில்
எல்லாரும் செருப்பைக் கழற்றவேண்டுமாம்.
இவ்வளவு மரியாதையாக
எந்த ஊரும் என் அவமானத்தை மறைத்ததில்லை.
வாசிக்க வந்தனீங்களோ, பார்க்க வந்தனீங்களோ
என்று கேட்டார் வாசலில் இருந்தவர்.
வாசிக்க என்றேன்.
சொன்னது பொய்யாகக் கூடாதென்று
பத்திரிகையை விரித்தேன். மரண அறிவித்தல்கள்:
பிறந்தது புங்குடுதீவு, வாழ்ந்தது ஒஸ்லோ.
பிறந்தது அனலைதீவு, வாழ்ந்தது ஸ்காபரோ.
பிறந்தது, வாழ்ந்தது இரண்டும் வண்ணார்பண்ணை
என்று ஒரேயொரு மனுசி, வயது தொண்ணூற்றொன்று.
எதிரே சோதனைக்குப் படிக்கும் பொடியன்
கணக்குக் கொப்பியில் தலை வைத்துத் தூங்கினான்.
மின்விசிறி அவனுக்காகப்
பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.

நாலே முக்காலுக்கு ஸ்கூட்டியில் வந்தாள்,
டெட்டோல் வாசத்தோடு.
கோட்டை மதிலில் ஏறினோம்.
காற்று ஓட்னியைப் பறித்தது.
முருகைக்கல்லில் இன்னும் பகலின் சூடு.
கீழே பண்ணைப் பாலம்,
முழங்கால் தண்ணீரில் வலை இழுக்கும் இருவர்,
பாலத்தைத் தாண்டி ஓடும் காரைநகர் பஸ்.
நீ இங்கே எத்தனை தரம் வந்திருப்பாய்?

இதுதான் முதல் தரம் என்றாள்.
சின்னனில கிட்டவும் விடமாட்டாங்கள்.
விட்ட பிறகு,
எங்க நேரம்?

பிறகு என்னையே கேட்டாள்,
மண்டைதீவு எந்தப் பக்கமெண்டு.
காலையில் பஸ்ஸில் வந்த நான்
கை நீட்டிக் காட்டினேன். சரியோ பிழையோ,
அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முனியப்பர் கோயிலடியில் கச்சான் வாங்கியபோதுதான்
என் காலைக் கண்டாள்.
லூசே, காலமையிலிருந்து இப்படியேவா நடந்தனீ?
கைப்பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்து,
ஸ்கூட்டியின் இருக்கையில் செருப்பைக் கிடத்தி,
காயத்தைச் சுற்றுவதுபோல வாரைச் சுற்றினாள்,
பல்லால் கடித்து அறுத்தாள்,
கட்டைவிரலால் அமர்த்திப் பார்த்தாள்.
இரண்டு நாளைக்குத் தண்ணி படப்படாது என்றாள்
அந்தப் பார்மசிக் குரலிலேயே.

இரவு பஸ்.
விடிய மட்டக்களப்பில் இறங்கினேன்.
மழை.