தொண்ணூற்றேழு பாகை

இரவு பதினொன்றேகாலுக்கு
வெள்ளவத்தையில் காற்று நின்றுவிடும்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் கடல் கிடக்கிறது,
ஒரு மூச்சுக்கூட அனுப்பாது.
என் மடிக்கணினி மட்டும்
இரத்மலானையில் இறங்க வந்த விமானம் மாதிரி
மேசையில் நின்று இரைகிறது.

தொண்ணூற்றேழு.
திரையின் மூலையில் சிவப்பாய் அந்த எண்.
கோட்டை வாசலில் வாளோடு நிற்கிறேன்,
துண்டு துண்டாய் நகர்கிறது உலகம்.
எதிரி வருவதற்கு முன்னமே
அவன் வெட்டு வந்து சேருகிறது.
"திரும்பவும் செத்துப்போனியா?"
மட்டக்களப்பிலிருந்து நிவேதிகா, காதுக்குள்.
நான் இல்லையடி, இது.

நான்கு மூலைக்கும் நான்கு சோடா மூடி வைத்தேன்,
ஒன்று வழுக்கிக்கொண்டே இருந்தது.
விசிறியைத் திருப்பி அதன் வயிற்றுக்குப் பிடித்தேன்;
நான்தான் வியர்த்தேன்.
ஏசி பூட்ட மிஹ்லார் ஹாஜியார் விடமாட்டார்,
மீட்டர் ஒன்று, குடும்பம் மூன்று.
ஒருநாள் ஐஸ் பையைத் துவாயில் சுற்றி அடியில் செருகியதைச் சொல்ல
"தண்ணி ஊறும், விசரி, எடு!" என்று
நிவேதிகா போட்ட சத்தத்தில்
பக்கத்து அறை விளக்கு எரிந்தது.

பம்பலப்பிட்டியில் ஒரு இரண்டாம் மாடி.
பதினொரு திருகாணியையும் கழற்றி
யோகட் கப்புக்குள் போட்டார் பஸ்மில்.
"கடல்பக்க வீடோ?"
செப்புக் குழாயில் களிம்பு பூத்திருந்தது.
சில்லின்மேல் பூசிய பசை
காய்ந்த சுண்ணாம்பாய் உதிர,
"வெத்திலைக்கும் உதவாது" என்றார்.
பிறகு தகடுகளின் இடுக்கிலிருந்து
இடுக்கியால் உரித்தெடுத்தார்
கம்பளித் துண்டுபோல ஒன்றை.
மேல் படை என்னுடையது:
நீலத் துவாயின் நூல், முகப்பவுடர்,
என் தலைமயிர், நீளமாய் ஒன்று.
அடியில்
செம்மஞ்சள் மயிர், குட்டை குட்டையாய்.
"பூனை வளர்க்கிறீங்களோ?"

இல்லை.

ஆறு மாதத்துக்கு முன், கடவத்தை பஸ் தரிப்பிடத்தில்
உதார என்றொருவன் விற்றான் இதை,
ருமேனியாவுக்கு விசா வந்த கிழமை.
காசை எண்ணாமலே சட்டைப்பையில் வைத்தான்.
பையை நீட்டியவன்
பிடியை விடக் கொஞ்சம் சுணங்கினான்.
விலை காணாதாக்கும் என்று நினைத்தேன்.

அன்றிரவு உடைந்த சிங்களத்தில் அவனுக்கு எழுதினேன்.
பதிலாய் ஒரு படம் வந்தது:
இதே விசைப்பலகை,
இடப்பக்க எழுத்துகள் இன்னும் தேயாதவை,
அவற்றின்மேல் சுருண்டு கிடக்கும் செம்மஞ்சள் வட்டம்.
பெயர் சூட்டி.
சின்னவள் என்று பொருளாம்.
எனக்குத் தமிழில்தான் கேட்டது.
சூடு வெளியேறும் துவாரத்தில் முதுகை ஒட்டித்தான் படுப்பாளாம்.
அவள் தூங்குகையில் எழுந்து போகப் பயந்து
தோற்ற ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடுவானாம்.
இப்போது அம்மா வீட்டில்,
பிரிஜ்ஜுக்கு மேலே, கொஞ்சம் சுடும் இடத்தில்.
இங்கே மைனஸ் நான்கு, என்று முடித்திருந்தான்.

புதுப் பசை, கடுகளவு, நடுவில்.
மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்தேன்.
நொடிக்கு அறுபது படம் போதும் என்றேன்.
நிழல்களை நிறுத்திவிட்டேன்:
கோட்டையில் இனி எவருக்கும் நிழல் விழாது,
எவரும் முறையிடவுமில்லை.

எழுபத்தாறு.
இரைச்சல் அடங்கிய இடத்தில்
கடைசி ரயில் போவது கேட்டது,
மேல்மாடியில் யாரோ கோப்பை கழுவுவது,
அதற்கும் அப்பால், ஆறு மாதம் கழித்து, கடல்.
வாசலைக் காப்பாற்றினோம். நிவேதிகா விசிலடித்தாள்.
சோடா மூடி பழையபடி வழுக்கியது.

விடியப்புறம் மூடும்போது
துவாரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடு.
ஒரு சின்ன முதுகுக்குக் காணும்.