மஞ்சள் தாள்

தால்பியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்.
ஷெஃபரின் வேலி வாசலில் வண்டியை நிறுத்தியபோது
அறுபது மாடுகள் திரும்பிப் பார்த்தன,
நான்தான் தீவனம் என்பதுபோல.

பத்து வாரம் மழையில்லை.
பிறகு, போன செவ்வாய் இரவு,
தகரக் கொட்டகையின் மேல் பதினெட்டு மில்லிமீட்டர்.
கரிசல் வெடிப்புகள் வாய் மூடிக்கொண்டன.
மேய்ந்து தீர்ந்த தீவனச் சோளத்தின்
அடிக்கட்டையெல்லாம் சாண் உயரத் துளிர்.
பச்சை என்றால் அப்படியொரு பச்சை.
"திறந்து விடட்டுமா?" என்கிறார் லாயிட்,
கை ஏற்கெனவே சங்கிலியில்.

பொறுங்கள் என்றேன்.

வடக்குப் புஞ்சையில் ஒரு பிடி,
தெற்குப் புஞ்சையில் ஒரு பிடி.
நறுக்கி, நசுக்கி, கண்ணாடிக் குழாய்களில் அடைத்து
மூடியிலிருந்து தொங்கவிட்டேன்
ஆளுக்கொரு மஞ்சள் தாள்.
இனி வேதியியல் என்பது
வண்டி நிழலில் காத்திருப்பது.

சோளத்துக்குக் கொம்பில்லை, குளம்பில்லை,
ஓடவும் வழியில்லை.
இலைக்குள் இரண்டு அறை கட்டிக்கொண்டது.
ஒன்றில், சர்க்கரையோடு சேர்த்துக் கட்டிப்போட்ட நஞ்சு.
மற்றொன்றில், அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரிந்த ஒன்று.
நடுவில் வெங்காயத் தோலினும் மெல்லிய சுவர்.
காற்று ஆட்டினால் ஒன்றுமில்லை.
பல் பட்டால்தான்
அவை ஒன்றையொன்று சந்திக்கும்.

வடக்கில் இரண்டு தடவை யூரியா.
முதல் தடவை கணக்குப் பார்த்து;
இரண்டாவது, வானிலை அறிக்கையை நம்பி.
அறிக்கை பொய்த்தது. யூரியா மண்ணில் கிடந்தது.
கிடைத்ததை வேர் வாங்கிக்கொண்டது.
வளர்வதற்கு நீரில்லாத செடி
வளர்வதற்கென்று வந்த பொருளை என்ன செய்யும்?
பூட்டி வைக்கும்.

தெற்கில் போன வருடம் மொச்சை.
மருமகள் கிரெட்டா பிடிவாதமாக விதைத்து
பூவோடு படுக்கப் போட்டாள்.
இவர் சிரித்த சிரிப்பு சின்சில்லா சந்தை வரை கேட்டதாம்.
சருகு வெயிலை வாங்கிக்கொள்ள
அடியில் மண் கொஞ்சம் ஈரம் காத்தது.
தழைச்சத்து அங்கே
லாட்டரிப் பணம்போல் விழவில்லை,
வாரக் கூலிபோல் வந்தது.

பதினோராவது நிமிடம்
வடக்குத் தாள் காவியானது.
காவி, செங்கல்லானது.
தெற்குத் தாள் மஞ்சளாகவே நின்றது
என்று எழுதத்தான் ஆசை.
அதுவும் மாறியது: பப்பாளி நிறம்.

"அப்படியென்றால் மொச்சையும் கைவிட்டதா?"
குரலில் துளி சந்தோஷம்.

இல்லை, லாயிட். பத்து வாரத் தாகம்
இரண்டுக்கும் ஒன்றுதான்.
இரண்டும் அதற்குப் பதில் சொல்கின்றன,
ஒன்று அடித் தொண்டையில், ஒன்று கத்தி.
தெற்கில் இடுப்புயரம் வளரட்டும்.
மறுபடி தாள் தொங்கவிட்டுப் பார்ப்போம்.
அதன்பிறகு, வைக்கோல் தின்ற வயிற்றோடு,
கந்தக உப்புக்கட்டியை நக்கவிட்டு, உள்ளே விடலாம்.
வடக்கை மறந்துவிடுங்கள், இந்த மாதம்.

தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.
"செடிக்கு என்மேல் கோபமா?"

கோபமெல்லாம் இல்லை.
நீங்கள் கொடுத்ததைத்தான் வைத்திருக்கிறது.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு:
பத்து வாரம் சாகாமல் நின்று
ஒரே மழையில் எழுந்து வந்ததற்கு
அந்தப் பூட்டிய அறையும் காரணமாக இருக்கலாம்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

வைக்கோலுக்குப் பேசினார். உருளை ஒன்றுக்கு
அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு
போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

அதற்குள் காதில் பன்னிரண்டாம் எண் வில்லை போட்ட பசு
கம்பிக்கு அடியில் கழுத்தை நீட்டி
நாக்கால் ஒரே ஒரு தாளைச் சுருட்டிவிட்டது.
எழுபது வயது மனிதர் ஓடினார்.
தாடைக்குள் விரல் விட்டு,
எச்சிலோடு அதை வெளியே இழுத்து,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.