ஏழாம் பைட்

ஓவுலு நகர நீரேற்று நிலையம். வெளியே மைனஸ் இருபது.
தூலிக்கி இலக்கணம் எழுதுகிறாள்,
வாயால் யாரும் பேசியிராத ஒரு மொழிக்கு.

முதல் இரண்டு பைட், நீளம்:
பின்னதை முன்னால் வைத்துப் படி.
அடுத்தது வகை. நான்கானால் அழுத்தம்,
ஒன்பதானால் அலாரம்,
வேறானால் விதியில்லை, விட்டுவிடு.

பம்பு செய்த கம்பெனி மூடிப் பதினோரு வருடம்.
கையேடு கிடையாது.
கம்பியில் ஒட்டுக்கேட்டதுதான் பாடம்.

ஏழாம் பைட் மட்டும் பிடிகொடுக்கவில்லை.
வாரமெல்லாம் சுழியம். செவ்வாய் இரவு மட்டும்
ஐந்து நிமிடம் ஒன்று, மறுபடி சுழியம்.
'தெரியாது_7' என்று பெயர் வைத்தாள்.
இலக்கணம் பிழையின்றி ஓடியது.
அவளுக்குத்தான் ஓடவில்லை.

மூன்றாம் செவ்வாய் கோட்டை மாட்டிக்கொண்டு தானே போனாள்.
பம்பறைக் கதவு திறந்திருந்தது.
மோட்டார்ச் சூட்டில் கையுறை காயவைத்தபடி
பனி வாரும் வண்டிக்காரர் ரைமோ.
"விரல் விறைத்துவிட்டது" என்றார்.
ஃபிளாஸ்க் மூடியில் அவளுக்கும் காபி ஊற்றினார்.

திரும்பி வந்து ஃபைலைத் திறந்தாள்.
'கதவு' என்று தட்டினாள்.
நாளை இதை நிர்வாகம் படிக்கும்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

தெரியாது_7.
இருக்கட்டும்.