சாய்ந்த ஏரி

இன்ஜினியர் கிளம்பிப் போனபின்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அழகாபுரம் ஆபீஸின் நல்ல கம்ப்யூட்டரில்
உலகத்தைத் திறப்பேன்.
அதன் கிராஃபிக்ஸ் கார்டு
என் நாலு மாதச் சம்பளம்.
பகலெல்லாம் அது சுமப்பது
யார் யார் வீட்டுக்கோ வாசற்படியின் திசை.

முதல் வாரம் பெரிய இடங்களாகப் போனேன்.
பாரிஸின் கோபுரத்தை இரும்பு இரும்பாகச் சுற்றினேன்.
தாஜ்மகால் உச்சியில் செருப்போடு நின்றேன்.
பிரமிடின் சுவரை முட்டி உள்ளே நுழைந்தால்
ஒன்றுமில்லை, இருட்டுகூட.
வெளியிலிருந்து பார்க்கும்வரைதான் சுவர்.
உள்ளிருந்து திரும்பினால்
அது இருந்த இடத்தில் பாலைவனம் தெரிகிறது.
"முதுகுப் பக்கத்தை வரைய மாட்டாங்க அக்கா,
நேரம் மிச்சம்" என்றான் தவசியப்பன்.
கம்பிக் கணக்குப் போடும் பையன்,
எதையும் மிச்சத்தில்தான் சொல்வான்.

பிறகு சேலம்.
சாய்த்துப் பார்த்தேன்.
தட்டுவடை.
செவ்வாய்ப்பேட்டை, குகை, நெத்திமேடு
எல்லாம் தரையில் ஒட்டிய போட்டோ.
ஐந்து ரோடு மேம்பாலம் மல்லாந்து கிடக்கிறது,
நிழல் மட்டும் பக்கத்தில் எழுந்திருக்கப் பார்க்கிறது.
என் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி
ஒரு கறுப்புப் புள்ளி.
அங்கிருந்து கொஞ்சம் நகர்த்தினால் அவன் தெரு.
அம்புக்குறியை எங்கே வைத்தாலும்
கீழ்மூலையில் உயரம் சொல்லும்:
என் தெரு இருநூற்று எழுபத்தெட்டு மீட்டர்.
அவன் தெரு இருநூற்று எழுபத்தெட்டு மீட்டர்.
நாலு தரம் வைத்துப் பார்த்தேன்.
அப்பாவிடம் காட்டக்கூடிய எண் இல்லை அது.

கோரிமேடு தாண்டி அடிவாரம்.
நிஜ பஸ்ஸில் ஏழாவது கொண்டை ஊசிக்குள்
எலுமிச்சம்பழம் கசங்கிவிடும் எனக்கு.
இதில் வாசனையில்லை, டிரைவர் இல்லை,
ஹாரன் இல்லை, காட்டெருமை இல்லை.
ஆனாலும் பதினொன்றில் தலை சுற்றியது.
பின்னால் வெள்ளைக்கல் சுரங்கங்கள்
சிந்திய கோலமாவு போல.
சில்வர் ஓக் மரங்கள் உருகி வழிந்து
ரோட்டைப் பாதி மூடியிருந்தன.

ஏற்காட்டில் ஏரி சாய்ந்திருக்கிறது.
படகுத்துறைப் பக்கம் இறங்கி
எதிர்க்கரையில் நாலு ஆள் உயரம் ஏறி.
மிதிபடகுகள் சரியாமல் அப்பிக்கொண்டிருக்கின்றன.
சிந்துமா என்று
கையைக் கன்னத்தில் வைத்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைமேல் முழுசாக எழுந்து நிற்பது
ஒரே ஒரு லாட்ஜ்.
யாரோ வேலையற்ற புண்ணியவான்
ஓடு ஓடாகச் செய்து ஏற்றியிருக்கிறான்.
முக்கிய இடம் என்று மேலே எழுத்து.
எங்களைத் தவிர வேறு யாருக்கு?

ரெஜிஸ்டரில் அவன் எனக்கு வைத்த பெயர் கனகவல்லி.
சிரித்து முடிப்பதற்குள் மின்சாரம் போனது.
மூன்றாவது ஜன்னலா, நான்காவதா
எண்ணத் தொடங்கினேன்.
பதினாறும் ஒன்றே.
ஒரு ஜன்னலைப் படமெடுத்துப்
பதினாறு முறை ஒட்டியிருக்கிறான்.
ஒரே பாதித் திரை,
மூலையில் ஒரே விரிசலுக்கு ஒரே டேப்.
எல்லா அறையிலும் நாங்கள்,
அல்லது ஓர் அறையிலும் இல்லை.

சுவரை முட்டி உள்ளே போனேன்.
கட்டில் இல்லை, படி இல்லை.
அன்று தாழ்ப்பாளை இரண்டுதரம் சரிபார்த்து
சாவித்துவாரத்தில் கைக்குட்டை செருகினோம்.
இன்று நான்கு பக்கமும் வெட்டவெளி,
கீழே மொத்தச் சேலமும்
அண்ணாந்து படுத்திருக்கிறது,
கண்ணில்லாமல்.

அளக்கும் கருவியை எடுத்தேன்.
என் மாடியிலிருந்து அவன் வாசலுக்கு
அறுநூற்று நாற்பது மீட்டர்,
நடந்தால் எட்டு நிமிடம்.
அந்த எட்டு நிமிடத்துக்குத்தான்
இருபது வளைவு சுற்றிப் போனோம்.
அவன் ஓசூருக்கு மாறிப்போனது
இதற்குத் தெரியாது.

கோட்டைச் சேமிக்கவா என்றது.
ஒரு பெயர் வேண்டுமாம்.
கனகவல்லி என்று அடித்துவிட்டு
ஷட்டரை முழுக்க இறக்கினேன்.