இல்லைக்கு ஓர் எல்லை

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
வாடகை குறைவு, காரணம் இரைச்சல்.
இப்போது தடைக்காலம். விசைப்படகுகள்
ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன.
கீழே இயந்திரம் நின்று பதினெட்டு நாள்.
இவ்வளவு அமைதியில் எனக்கு வேலை ஓடவில்லை.

எழுநூற்று நாற்பதில் ஒரு மேடு.
போன ஓட்டத்தின் தரவில் பார்த்தேன்:
சரிந்து இறங்கும் கோட்டின் மேல்
மூன்று புள்ளிகள் மட்டும் கொஞ்சம் எம்பி நின்றன,
கூட்டத்தில் குதிகால் தூக்கி எட்டிப் பார்க்கிறவர்களைப் போல.
யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எல்லோருக்கும் சொன்னேன்.
ஜெனீவாவிலிருந்து மிலேனா எழுதினாள்:
நூறு இடத்தில் தேடினால்
ஓரிடத்தில் எதுவாவது எம்பத்தான் செய்யும்.
தெரியும். தெரிந்துகொண்டே
அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன்.
இங்கே எழுத மாட்டேன்.

வலை, கடல், சிக்காத மீன் என்று
எழுதிவிட்டால் சுலபம்.
இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் சிரிப்பார்கள்.
மீன் உண்டென்று தெரிந்துதான் வலை போடுகிறார்கள்;
வட்டிக்கு வாங்கிய டீசலில்
உண்டா இல்லையா என்று பார்த்துவர
யாரும் போவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் ஒத்துப்போகிறது, அதுவும் கரையில்.
பெர்பெத்துவா நண்டு பிரிக்கும்போது பார்த்திருக்கிறேன்.
கை ஓடும், கண் வேறெங்கோ இருக்கும்.
நீலக்கால் நண்டு ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை,
பெயரில்லாத மீதி கழிவுக் குவியலுக்கு,
அங்கிருந்து லாரியில் கோழித் தீவனத்துக்கு.
எங்களுக்கும் விநாடிக்கு நாலு கோடி மோதல்.
வைத்துக்கொள்வது ஆயிரத்துச் சொச்சம்.
எது இருக்கட்டும், எது போகட்டும் என்று
இமை மூடுவதற்குள் முடிவெடுக்கும் விதியை
நாங்கள்தான் எழுதினோம்,
எங்களுக்குத் தெரிந்த உருவங்களை வைத்து.
சில இரவுகளில் அதை நினைத்துத் தூக்கம் போகும்:
வந்தது, வந்திருந்தது,
கோழி தின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறக்கும் நாள்.
புதிய தரவில் அந்த ஒரு ஜன்னலுக்குள் மட்டும்
பார்க்கக் கூடாதென்று பதினோரு மாதமாக
நாங்களே போட்டுக்கொண்ட பூட்டு.
ஆசை, கணக்கைக் கோணலாக்கும்.
அவர்களுக்கு மதியம் மூன்று, எனக்கு மாலை ஆறரை.
ஆறு பத்துக்குக் கரண்ட் போனது.

நாகூர்கனி கம்பெனி ஜெனரேட்டரைப் போட்டுக் கொடுத்தார்,
எனக்காக மட்டும், முழுக் கட்டடமும் அதிர.
"இன்னைக்கித்தானே அது?" என்றார்.
"இன்னைக்கித்தான் பாய்."

மிலேனா திரையைப் பகிர்ந்தாள்.
கச்சான் காற்று ஜன்னலை அடித்தது, சிக்னல் விட்டு விட்டு வந்தது.
புள்ளிகள் இடமிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன,
அறுநூறு, அறுநூற்றைம்பது, எழுநூறு.
அங்கே உறைந்தது படம்,
மிலேனாவின் வாய் பாதி திறந்தபடி.
அந்தப் பதினொரு விநாடி
அது இருந்தது.
உலகில் வேறெங்கும் இல்லை,
என் மடிக்கணினியில் இருந்தது.

பிறகு கோடு வழுவழுவென்று இறங்கிப் போனது.
மேடு இருந்த இடத்தில்
சின்னதாக ஒரு பள்ளம்கூட.
யாரோ "சரி" என்றார்கள், பிரெஞ்சு வாடையில்.

இனி எழுத வேண்டும்.
வெறுமனே இல்லை என்று எழுத முடியாது.
எவ்வளவு இல்லை, எதுவரைக்கும் இல்லை,
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியில்
இல்லைக்கு ஓர் எல்லை வரைய வேண்டும்.
பதினாறு பக்கம் வரும்.
ஆசிரியர் பட்டியல் மட்டும் தனியாகப் பதினைந்து.

கீழே இறங்கியபோது ஜெனரேட்டரை அணைத்திருந்தார்.
காதில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
"கெடச்சுதா?"
"இல்ல பாய்."
சீட்டை நீட்டினார்: டீசல் நாலு லிட்டர், முந்நூற்று எழுபது.
நானூறு கொடுத்தேன்.
சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு,
மீதி முப்பதை
அடுத்த தடவையில கழிச்சுக்குவோம் என்றார்.