சொற்கள் பன்னிரண்டு

மூன்று நாள் மழையில் மலை சரிந்து
சாலையைத் தின்ற பிறகு
அந்தக் கடல்முடுக்கில் மிச்சமிருந்த ஒரே வாய்
நொல்பெர்த்தோவின் லாரி பேட்டரி.

எதிரே, சிலியின் தெற்குத் தீவொன்றில்,
தகரக் கூரையை மழை அறைய
ஹாம் ரேடியோவின் முன்னே
பென்சிலைச் சீவி வைத்துக் காத்திருக்கிறாள் எதெல்மிரா.
பகலில் சால்மன் தீவன மூட்டைகளை எண்ணுபவள்.
இரவில் சொற்களை.

அவன் முதலில் எண்ணைச் சொல்வான்: செய்தி பதினேழு.
அடுத்து, சொற்கள் எத்தனை என்று.
பிறகுதான் சொற்கள், ஒவ்வொன்றாய்,
பாசிப் பாறையில் கால் வைப்பதுபோல.

பன்னிரண்டு என்றான்.
நடுவில் ஓர் இரைச்சல் வந்து போனது.
அவள் தாளில் பதினொன்று.

படகுகளைத் தெற்குத் துறையில் கட்டுங்கள்,
முப்பத்தொரு குழந்தைகள் தேவாலயத்தில்.

எங்கும் ஓட்டை தெரியவில்லை. வாக்கியம் நேராக நிற்கிறது.
கடற்படைக்காரன் பொறுமை இழக்கிறான்:
அர்த்தம் புரிகிறதே அம்மா, அனுப்புங்கள்.

புரிவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நான் எழுதும் மொழியில்
மறுப்பு வினையின் வயிற்றுக்குள் இருக்கிறது.
கட்டாதீர்கள்:
கிழித்தால்தான் வெளியே வரும்.
அவர்கள் மொழியில் அது தனியாளாய் நிற்கும்.
'நோ'.
அவ்வளவுதான். எங்கோ ஒரு மின்னல் போதும்
அதை விழுங்க.

மறுபடி, என்றாள். முதல் சொல்லிலிருந்து.
அவன் பேட்டரியைத் திட்டினான். அவளைத் திட்டவில்லை.
லாஞ்சாஸ், என்றான்.
நோ, என்றான்.
அவள் பென்சில் முனை முறிந்தது.

தெற்குத் துறையின் தூண்கள் அந்நேரம்
தண்ணீருக்கடியில் பல்லாய் ஆடிக்கொண்டிருந்தன.
அதைச் சொல்ல அவனிடம் மின்சாரம் இல்லை.

செய்தி பதினெட்டு. சொற்கள் எட்டு.
க்ளோதோமிரோ வியாழனன்று இறந்தார்,
சைப்ரஸ் மரத்தருகே புதைத்தோம்.
முகவரியில் இருந்த மகளும் எதெல்மிராவும்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.
'அமைதியாக' என்று ஒன்றைச் சேர்க்கலாம்;
ஒன்பதாகும். பொய்யும் ஆகலாம்.
எட்டாகவே அனுப்பினாள்.
பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகு
மைக்கிடம் ஏதோ சொன்னாள்.
அது கணக்கில் வராது.

பத்தொன்பதாவது வரும்போது
அவன் குரல் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.
ஓதிலியா, கதவை விற்காதே. பல்தொமேரோவுக்குத் தெரியும்.

எந்தக் கதவு?
வீடுகளே மிதந்துபோன ஊரில்
யார் கதவு வாங்குகிறார்கள்?
கேட்கவில்லை.
ஓதிலியாவின் தலையில் வேண்டாத ஒரு ஹெச் வேறு,
அவர்கள் மொழியில் சத்தமே இல்லாத எழுத்து.
அவன் எழுத்தெழுத்தாய்ச் சொன்னபோது அதையும் சொன்னான்.
அவளும் சொன்னாள்,
அடுத்த நிலையத்துக்கு,
சுமையில் ஒரு சுள்ளியைக்கூட உதிர்க்காமல்.

விடிகையில் மூன்று படகுகள் வடக்குத் துறையில் நின்றன
என்று யாரோ சொல்லக் கேட்டாள்.
முகம் கழுவிக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.
மூட்டைகள் நூற்று நாற்பது.
ரசீதில் நூற்று நாற்பத்தொன்று.

பரவாயில்லை, எலி தின்றிருக்கும், என்றான் மேலாளர்.

அவள் முதல் மூட்டையிலிருந்து
மறுபடி ஆரம்பித்தாள்.