அறுபத்தோராம் எண்

மடக்குக் கத்தியை வாங்கிக்கொண்டு
ஒரு தகர வில்லை தந்தார்கள்: 61.
ஆரஞ்சு உரிக்க வைத்திருந்தேன் என்றேன்.
ஆரஞ்சையும் வாங்கிக்கொண்டார்கள்.

புடாபெஸ்ட். வெளியே டான்யூப்
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
உள்ளே நாங்கள் பதினெட்டுப் பேர்,
ஆளுக்கொரு காதுக்கருவி.
வழிகாட்டி பிரோஷ்கா பத்தடி முன்னால் நடந்தாலும்
அவள் குரல் என் காதுக்குள் உட்கார்ந்து
கோள் சொல்வதுபோல் வரலாறு சொன்னது.

பக்கத்தில் வென்செல்.
மிஷ்கோல்ட்ஸ் நகரில் டிராம் ஓட்டி ஓய்ந்தவர்.
ஹங்கேரிய மொழிக் குழுவில் சீட்டுத் தீர்ந்துபோனதால்
சொந்த நாட்டை ஆங்கிலத்தில் பார்க்க வந்தவர்.
மனைவி எமோகே அவ்வப்போது
நாலு வாக்கியத்தைக் காய்ச்சி ஒரு சொல்லாக்கி
அவருக்கு ஊற்றினாள்.
"தங்கம்" என்றாள்.
இன்னும் கொஞ்சம் படியேறியபின், "இதுவும்."

கிரீடத்தின் முன்னால் வாளோடு இரண்டு வீரர்கள்.
முறைவைத்து இமைத்தார்கள்.
படமெடுக்கக் கூடாது.
கிரீடத்து உச்சியில் சிலுவை சாய்ந்திருக்கிறது,
யாரும் நிமிர்த்துவதில்லை.
நிமிர்த்தினால் அது
வேறு யாருடைய கிரீடமாகவோ ஆகிவிடும்.

அப்புறம் அந்த நடைகூடம்.
சன்னல் விளிம்பில் பித்தளைச் சட்டம்,
சட்டத்தில் வரிசையாய்ப் பள்ளங்கள்,
பள்ளத்துக்கு ஒரு எண்.
சுருட்டுக்கு, என்றாள் பிரோஷ்கா.
மணி அடித்ததும் உறுப்பினர்
புகைகிற சுருட்டை இங்கே கிடத்திவிட்டு
எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.
பேச்சு பிரமாதமென்றால்
திரும்பி வரும்போது சாம்பல்தான் இருக்கும்.
சொத்தைப் பேச்சென்றால்
பாதி இழுப்புக்கு மிச்சம்.

வென்செல் ஏதோ கேட்டார். எமோகே எடுத்துச் சொன்னாள்:
"சுருட்டு வாங்க வக்கில்லாதவன்
எதை வைத்து அளந்தான்?"
பிரோஷ்கா படித்துவைத்த பாடத்தில் அது இல்லை.
சிரித்தாள், அடுத்த சன்னலுக்குப் போனாள்.

அங்கே இருந்தது 61.

சட்டைப்பையில் வில்லையைத் தடவிக்கொண்டேன்.
எல்லோரும் கூரையைப் பார்த்த நேரம்
இடதுகை ஆள்காட்டி விரலைப்
பள்ளத்தில் படுக்கவைத்தேன்.
அளவெடுத்ததுபோல் இருந்தது.
நகத்திலும் அடித்தோலிலும் ஊர் வாக்குச்சாவடியின் மை,
பன்னிரண்டு நாள் பழசு,
அணைந்த நுனி மாதிரியே கறுத்து.
பித்தளை சில்லென்றிருந்தது.

வென்செல் பார்த்துவிட்டார்.
"எரிந்துபோச்சே! யார் பேசினது?"

மை என்றேன். ஓட்டுப் போட்டால் வைப்பார்கள்.
தேய்த்தால் போகாது,
நகம் வளர்ந்து வெட்டி எறிந்தால்தான்.
இதற்கு மட்டும் எமோகே
முழு வாக்கியங்கள் செலவழித்தாள்.
அவர் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.
உள்ளங்கையில் பிரேக் பிடி விட்டுப்போன காய்ப்பு.
வேறொன்றும் இல்லை.

கடைசியாக அவை.
இதே அச்சில் இன்னொன்று அந்தக் கோடியில் இருக்கிறதாம்,
சட்டமெல்லாம் அங்கேதான்.
இது பழைய மேலவை.
இரட்டையரில் வேலையில்லாதவனைத்தான்
எங்களுக்கு அறிமுகம் செய்திருக்கிறார்கள்.
துடைத்த நாற்காலிகள்.
யாருடைய குழந்தையோ ஓவென்று கத்த,
அவை அதைப் பொறுப்பாய் வாங்கிக்
கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

வெளியே வில்லையைக் கொடுத்து
கத்தியை வாங்கினேன், ஆரஞ்சை வாங்கினேன்.
டிராம் நிறுத்தத்தில் மூன்று பங்கு.
"சரி, யார் ஜெயித்தது?" என்றார் வென்செல்
விதையைத் துப்பியபடி.
இன்னும் எண்ணவில்லை, என்றேன்.
இருபத்து மூன்று நாள் இருக்கிறது.
எல்லாம் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கிறது.

எமோகே அதை எந்தச் சொல்லில் போட்டாளோ.
எங்கள் மொழியில் எண்ணுவதென்றால்
கணக்கும் அதுதான், நினைப்பும் அதுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்,
இரண்டாம் எண் டிராம் வந்துவிட்டது.
வென்செல் உட்காரவில்லை.
நேரே முன்பக்கம் போய் நின்று
ஓட்டுகிறவளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.